வீட்டு மீன்

“உனக்கு எழுத வரும்ல?”

எல்ஸ்பெத் அத்தை என்னிடம் இதைக் கேட்டது நாங்கள் வேலை செய்யும் மீன் கொட்டகையின் பின்வாசலில், காலைத் தேநீர் நேரத்தில். ரப்பர் கையுறையைக் கழற்றாமலே கோப்பையைப் பிடித்திருந்தாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட என்னிடம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். எனக்குப் பதில் வர நேரமாகும். அதற்குள் கேட்டவர்கள் பெரும்பாலும் போய்விடுவார்கள். அத்தை போகவில்லை.

“வரும்,” என்றேன்.

“அழகா வருமா? நான் எழுதுனா கோழி கிண்டுன மாதிரி இருக்கும்.”

“என்ன எழுதணும் அத்தே?”

அவள் கொட்டகைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எங்க வீட்டுச் செலவு. பூரா.”

எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் கடலுக்குத் தோளைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். வடகிழக்குக் காற்று அப்படித்தான் கட்ட வைத்திருக்கிறது. அத்தை வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது இந்தப் பக்கம் கேட்கும். என் அம்மா மறுகல்யாணம் செய்துகொண்டு அபர்டீன் நகரத்துக்குப் போய்விட்டாள். எனக்குக் கொட்டகையின் மீன் வெட்டுமேசையில் ஓர் இடம் கிடைத்திருந்ததால் நான் போகவில்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது.

அத்தையின் வீட்டுக்காரர் ஸாண்டர் மாமா ‘லில்லியன்’ படகில் இருபத்தாறு வருஷம் போனவர். படகு அவருடைய பெரியப்பா மகன் ஆன்ட்ரூவுடையது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வலை இழுக்கிற உருளையில் மாமாவின் இடது கை சிக்கியது. இரண்டு விரல் போயிற்று. மிச்சமிருந்த மூன்றாலும் ஒரு கோப்பையைத் தூக்க முடியாது. படகில் சம்பளம் கிடையாது, பங்குதான். கரையில் உட்கார்ந்துவிட்டவனுக்குப் பங்கு ஏது. ஊனத்துக்கான அரசு உதவித்தொகை வந்துசேரப் பதினொரு மாதம் ஆயிற்று. அந்தப் பதினொரு மாதமும் அத்தையின் பெயரில் ஓடியது. பங்குக்காரனை நம்பி எந்த வங்கியும் கடன் தராது, வாரச் சம்பளக்காரிக்குத் தரும். மூன்று கிரெடிட் கார்டு, வேனுக்கு வாங்கிய கடன், குளிர்காலத்து மின்கட்டணம். கடைசியில் அத்தை திவால் மனுப் போட வேண்டியதாயிற்று. மனுவோடு வரவு செலவுத் தாள் ஒன்றை வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவளால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போடுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்தோம். மேசையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, தேநீர். மாமா ஜன்னலோரம் தன் நாற்காலியில், எங்களுக்கு முதுகைக் காட்டி, துறைமுகத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகாவிட்டாலும் தினமும் அந்த வானத்தைப் பார்க்காமல் அவருக்கு ஆகாது.

“சாப்பாட்டுச் செலவு. வாரத்துக்கு,” என்று படித்தேன்.

அத்தை விரல் விட்டு எண்ணினாள். “முப்பத்திரண்டு பவுண்ட் போடு.”

“ரெண்டு பேருக்கா?”

“உருளக்கெழங்கு, ஓட்ஸ், பால், ரொட்டி, ஞாயித்துக்கெழம கொத்துக்கறி. வேற என்ன?”

“மீனு?”

மாமா திரும்பாமலே சிரித்தார். “மீனுக்கு எவனாச்சும் காசு குடுப்பானா புள்ள? அதையெல்லாம் எழுதி வச்சிராத. இந்த ஊருலயா பொறந்தான்னு கேப்பாங்க.”

அது உண்மைதான். விற்காமல் வீட்டுக்கென்று ஒதுக்கும் மீனை வீட்டு மீன் என்போம். படகு கரைக்கு வந்த அன்று, அந்தப் படகில் போகிறவன் வீட்டிலும், போய்க்கொண்டிருந்து நின்றுபோனவன் வீட்டிலும், போனவன் செத்திருந்தால் அவன் பெண்டாட்டி வீட்டிலும், கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கும். யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். லில்லியன் வாரத்துக்கு இரண்டு முறை கரைக்கு வரும், அத்தை வீட்டுக் கைப்பிடியில் வாரத்துக்கு இரண்டு பை. எங்கள் வீட்டிலிருந்து எந்த ஆணும் கடலுக்குப் போனதில்லை. எங்கள் கைப்பிடியில் ஒருநாளும் எதுவும் தொங்கியதில்லை.

“கொஞ்சம் கூட்டிப் போடலாமே அத்தே. நாப்பது, நாப்பத்தஞ்சு...”

“செலவழிக்காதத எதுக்கு எழுதணும்? கீழ கையெழுத்துப் போடப்போறது நானு. நாளைக்குச் சபையில போய் எந்த முகத்தோட பாடுறது?”

முப்பத்திரண்டு என்று எழுதினேன்.

அடுத்த தாள், யார் யாருக்குக் கடன் என்பது. கார்டு, வேன், மின்சாரம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அத்தை தேநீர்ப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்ரூ குடுத்தது,” என்றாள்.

“அது கடன் இல்ல,” என்றார் மாமா.

“பின்ன என்னது?”

“அவன் குடுத்தான். அவ்வளவுதான்.”

“இந்தா, இந்தப் பானைக்கு அடியில வச்சிட்டுப் போனான். ரெண்டாயிரத்து ஐநூறு. நாந்தான எடுத்தேன். திருப்பித் தர்றேன்னு சொன்னேன்ல?”

“அவன் கேக்கலயே.”

“கேக்காட்டி? ‘எல்லாக் கடனும்’னு போட்டிருக்கு ஸாண்டர். இந்தப் புள்ளகிட்ட கேளு, போட்டிருக்கா இல்லையா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். போட்டிருந்தது. அந்த வரியைக் காட்டினேன். மாமா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆன்ட்ரூவின் பெயரையும் தெருவையும் கடைசி வரியில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

கடன் ஆலோசனை நிலையத்தில் லோர்னா என்ற பெண் தாளை வாங்கிப் பார்த்தாள். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவளாக இருப்பாள்.

“சாப்பாட்டுக்கு நெஜமாவே இவ்வளவுதானா?”

“ஆமா.”

“ரொம்பக் கம்மியா இருக்கே மேடம். வசதியா எழுதிக்க இடம் இருக்கு.”

“அவ்வளவுதான் ஆகுது,” என்றாள் அத்தை. சொல்லும்போது கழுத்து நிமிர்ந்திருந்தது.

மாதம் நூற்றுப் பதினெட்டு பவுண்ட், நான்கு வருஷத்துக்கு, என்று முடிவாயிற்று. அத்தையின் சம்பளமும் குறைந்த சம்பளத்துக்காக அரசு தரும் உதவிப் பணமும் சேர்ந்து அப்படிக் கணக்கு வந்ததாம். சம்பளம் என்று ஒன்றும் இல்லாமல் உதவிப் பணம் மட்டும் வந்தால் கட்டவே வேண்டியதில்லை என்று லோர்னா சொன்னாள். அத்தை அதைக் கேட்டுக்கொண்டாள்.

கொட்டகையில் எதையும் மறைக்க முடியாது. அத்தைக்கு எதிரில் நிற்பவள் நெட்டா. கத்தி எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவு வேகமாக வாயும் ஓடும்.

“எல்ஸ்பெத், உனக்கு மூளை இருக்கா? வேலைய விட்டுட்டுப் போய் வீட்டுல உக்காரு. ஒத்தப் பைசா கட்ட வேணாம். காலும் நனையாது.”

“உக்காந்து?”

“உக்காந்து உன் புருஷன் மூஞ்சியப் பாரு.”

“அதுக்கு இந்த மீனு மூஞ்சியே தேவல,” என்றாள் அத்தை. மேசை முழுவதும் சிரித்தது. அத்தையும் சிரித்துக்கொண்டே அடுத்த ஹாடக் மீனை எடுத்துத் தலைக்குப் பின்னால் கத்தியை வைத்து ஒரே இழுப்பில் வால்வரை கொண்டுபோனாள். முள்ளில் துளிச் சதை ஒட்டவில்லை. கொட்டகையில் அவளுடைய வெட்டு யாருக்கும் வராது.

பிறகு அந்தக் கடிதம் போயிற்று. கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் போகிற அச்சடித்த கடிதம்தான். இன்னார் திவாலாகிவிட்டார், தங்களுக்கு வரவேண்டிய தொகையைக் குறிப்பிட்டு மனுச் செய்யலாம் என்று. வங்கிக்கும் அதே தாள், ஆன்ட்ரூவுக்கும் அதே தாள். வங்கிக்கு அது ஒரு நாளில் வரும் நூறு தாளில் ஒன்று. ஆன்ட்ரூ பானைக்கு அடியில் வைத்துவிட்டுப் போன மனிதர். அதைப் பற்றித் தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதவர் என்று பின்னால் தெரிந்தது. கடிதத்தைப் பிரித்தது அவருடைய பெண்டாட்டி.

ஆன்ட்ரூ சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டு பெஞ்சு தள்ளிப்போய் உட்கார்ந்தார். திங்கட்கிழமை லில்லியன் கரைக்கு வந்தது. தெருவில் நான்கு வீட்டுக் கைப்பிடிகளில் பை தொங்கியது. அத்தை வீட்டில் இல்லை.

அன்று வேலைவிட்டு நானும் அத்தையும் சேர்ந்துதான் நடந்து வந்தோம். தெருமுனையிலேயே அவள் கண் கைப்பிடிக்குப் போனது. நடை நிற்கவில்லை.

“மறந்திருப்பான்,” என்றாள்.

வியாழக்கிழமையும் இல்லை. வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் அத்தை கொட்டகை முகப்பிலுள்ள கடைக்குப் போய்ப் பணியாளர் விலையில் நான்கு முழு ஹாடக் வாங்கினாள். ஒன்பது பவுண்ட். மேசைக்குத் திரும்பி வந்து அவற்றைத் தானே வெட்டினாள். நெட்டா பார்த்துக்கொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை. நெட்டா பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தெருவுக்கு வந்ததும் அத்தை தன் வீட்டுக் கைப்பிடியில் பையை மாட்டினாள். பிறகு என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையலறையில் நின்றேன். அவள் குரல் கேட்டது.

“ஸாண்டர், வாசல்ல ஏதோ தொங்குற மாதிரி இருக்கே, பாக்கலயா?”

நாற்காலி நகரும் சத்தம். கதவு திறக்கும் சத்தம்.

“ம். ஆன்ட்ரூதான்,” என்றார் மாமா.

கொஞ்ச நேரத்தில் ஓட்ஸ் மாவில் புரட்டிய மீன் பொரியும் வாசனை என் வீட்டுக்கு வந்தது.

கோடை முழுவதும் அப்படி ஓடியது. லில்லியன் கரைக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்வாள். அன்றைக்கு வாங்குவாள், வெட்டுவாள், மாட்டுவாள், சுற்றிக்கொண்டு போவாள். முதல் இரண்டு தவணை கட்டினாள். மூன்றாவது பாதி. நான்காவதும் ஐந்தாவதும் இல்லை. வந்த கடிதங்களை மாமா பார்த்துவிடக் கூடாதென்று என்னிடம் கொடுத்துவிடுவாள். என் சமையலறைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன். கட்டாமல் விட்டால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், திவால் முடிவதும் தள்ளிப்போகும் என்று அவற்றில் இருந்தது. படித்துச் சொன்னேன்.

“தாள மாத்தி எழுதலாம் அத்தே. நெலம மாறுனா சொல்லலாம்னு கீழ போட்டிருக்கு.”

“என்னன்னு சொல்ல?”

“மீனு காசு குடுத்து வாங்குறோம்னு.”

“அப்ப ஸாண்டருக்குத் தெரிஞ்சிருமே.” என் மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் கொட்டகைக்காரிகளின் கை கழுவினாலும் ஐஸ் மாதிரிதான் இருக்கும். “அவருக்கு வேற என்ன இருக்கு சொல்லு. கை போச்சு. படகு போச்சு. வாரத்துக்கு ரெண்டு பை. ஆன்ட்ரூ இன்னும் நம்மள நெனச்சிருக்கான்னு உக்காந்திருக்காரு. அதையும் புடுங்கவா?”

எனக்குப் பதில் வரவில்லை. அன்று அவளும் காத்திருக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் வடகிழக்குப் புயல் ஆறு நாள் அடித்தது. அலை துறைமுகச் சுவரைத் தாண்டி விழுந்தது. எங்கள் ஜன்னல்களில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்தது. ஒரு படகும் வெளியே போகவில்லை. கொட்டகையில் வடக்குத் தீவுகளிலிருந்து லாரியில் வந்த மீனை வெட்டினோம். அத்தை ஜலதோஷத்தோடு பதினோரு மணி நேரம் நின்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் கிழமை மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. பையை மாட்டிவிட்டுக் காற்றுக்குக் குனிந்து வீட்டைச் சுற்றிப் போனாள். படகு போகாத நாளில் பை வராதே என்று எனக்கு உறைத்தபோது அவள் பின்கதவை அடைந்திருந்தாள்.

“வாசல்ல ஏதோ தொங்குதே ஸாண்டர்.”

சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. காற்றுதான். பிறகு கதவு திறந்து மூடியது.

“ஆமா,” என்றார் மாமா. “ஆன்ட்ரூதான்.”

மீன் வாசனை வந்தது.

சம்பளத்தில் பிடிக்கப்போவதாகக் கடைசிக் கடிதம் வந்ததும் நானே லோர்னாவுக்குப் போன் செய்தேன். போனில் பேசுவதற்கு முன் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படித்தேன். புதன்கிழமை அவள் வீட்டுக்கே வந்தாள். ஈரக் கோட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் பழைய தாளையும் புதுத் தாள் ஒன்றையும் மேசையில் விரித்தாள். மாமா ஜன்னலோரம், முதுகைக் காட்டிக்கொண்டு. கட்டாமல் விட்டது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“சண்டை போட வரல மேடம்,” என்றாள் லோர்னா. “உங்களால எவ்வளவு முடியும்னு சரியாப் போட்டுட்டா அத மாத்தச் சொல்லிக் கேக்கலாம். ஒவ்வொண்ணாப் பாப்போம். மின்சாரம்?”

அத்தை சொன்னாள். நான் எழுதினேன்.

“பஸ்ஸு?”

“நடந்துதான் போறது.”

“சாப்பாடு?”

அத்தை மாமாவின் முதுகைப் பார்த்தாள். “முப்பத்திரண்டு.”

லோர்னா பேனாவைக் கீழே வைத்தாள். “அப்படீன்னா நூத்திப் பதினெட்டு மிஞ்சணும். எங்க போகுது?”

அத்தை தன் கைகளைப் பார்த்தாள். கொட்டகையில் பதினோரு மணி நேரம் நின்றபோதும் அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

“அம்பது எழுது ரோனா,” என்றார் மாமா. அவர் என் பெயரைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. எப்போதும் ‘புள்ள’தான். “வாரத்துக்கு ரெண்டு தடவ மீனு வாங்குறா. ஒம்பதும் ஒம்பதும் பதினெட்டு. கொட்டகை வெல எனக்குத் தெரியாதா?”

அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“மொத நாளே தெரியும்.”

“எப்படி?”

“லில்லியன்ல மீனு வெட்டுறது பெர்ட்டி. படகு ஆடும். அவனுக்கு வீட்டுக்குப் போற அவசரம். பாதிச் சதை முள்ளோட கடலுக்குப் போயிரும்.” மாமா இப்போதுதான் திரும்பினார். “அந்தப் பையில இருந்த மீனுல ஒரு கீறல் இல்ல. முப்பது வருஷமா உன் கத்திய எனக்குத் தெரியாதா எல்ஸ்பெத்?”

“அப்ப புயலடிச்சப்போ...”

“அன்னிக்கு மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

லோர்னா தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நான் தாளைப் பார்த்தேன். ஐந்து மாதம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அந்த மீனைத் தின்றிருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மீனு நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார் மாமா.

ஐம்பது என்று எழுதினேன். லோர்னா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாதம் நாற்பது என்று வந்தது. “நாப்பது முடியுமா?” என்று கேட்டாள். அத்தை தலையாட்டினாள். விட்டுப்போன தவணைகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதாகவும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள்.

“மாறுனதுக்குக் காரணம்னு ஒரு வரி இருக்கு. என்ன போடட்டும்?” என்று கேட்டேன்.

அத்தையே சொன்னாள். “முன்னாடி வீட்டு மீனு வந்துச்சு. இப்ப நின்னுபோச்சு. அப்படியே எழுது.”

எழுதினேன். அத்தை கையெழுத்துப் போட்டாள்.

“திரும்ப ஏதாச்சும் மாறுனா எனக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க,” என்று லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

மறுவாரம் நாற்பதே போதும் என்று பதில் வந்தது. அத்தை கடிதத்தைத் தன் வீட்டிலேயே, தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து மீனைக் கையிலேயே எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கூடிவிடவில்லை. நாற்காலி மட்டும் ஜன்னலிலிருந்து மேசைக்கு நகர்ந்துவரும் சத்தம் கேட்கும்.

நெட்டாவால் எவ்வளவு நாள் வாயைக் கட்டிவைக்க முடியும். லில்லியனில் இருபத்தாறு வருஷம் போனவன் பெண்டாட்டி காசு கொடுத்து மீன் வாங்குகிறாள் என்று துறைமுகத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை பனிமூட்டம் கடலிலிருந்து ஏறித் தெருவை நிரப்பியிருந்தது. என் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆன்ட்ரூ மூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். நீர் புகாத மஞ்சள் எண்ணெய்த்துணி உடையோடு, படகிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கையில் பை. அத்தை வீட்டுக் கைப்பிடியில் அதை மாட்டப் போகும்போது கதவு திறந்தது. அத்தை நின்றாள். அவளுக்குப் பின்னால் மாமா.

“ஆன்ட்ரூ,” என்றாள் அத்தை.

அவர் பையை நீட்டினார். அத்தையின் கை பாதிவரை வந்துவிட்டு நின்றது.

“வாங்க முடியாது. நின்னுபோச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இத வாங்குனா அது பொய்யாயிரும். சொன்னா திரும்ப மொதல்லேர்ந்து கணக்கு. நீ பாட்டுக்கு ரெண்டு வாரம் குடுத்துட்டு மூணாவது வாரம் கடலு சரியில்லன்னா நான் என்ன பண்றது?”

ஆன்ட்ரூ பையைத் தாழ்த்தவில்லை.

“உன் பேர எழுதுனது நாந்தான்,” என்றாள் அத்தை. “எழுதாம இருக்க முடியல. உள்ள வா. டீ குடிச்சிட்டுப் போ.”

“வாடா,” என்றார் மாமா.

ஆன்ட்ரூ இருவரையும் பார்த்தார். மாமாவின் கையைப் பார்த்தார். பிறகு ஒரு பூட்ஸோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். அந்தப் பட்டியலை எழுதிய கை யாருடையது என்று ஊருக்கே தெரியும். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

மூன்று எட்டு வைத்து என் வாசலுக்கு வந்தார். குனிந்து, என் கதவுக் கைப்பிடியில் பையை மாட்டினார். கனமான பை. நான்கைந்து மீனாவது இருக்கும், ஒருத்திக்கு அது எதற்கு. அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் என் பூட்ஸுக்குள் சொட்டியது. அத்தை வாசலில் அப்படியே நின்றாள். ஆன்ட்ரூ எண்ணெய்த்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், வந்த வழியே மூட்டத்துக்குள் இறங்கிப் போனார்.